அவரவர் வேகத்தில் உயர்நிலைப் பள்ளி: பினாங்கிலிருந்து இயங்கலையில் படித்து முடித்த மாணவியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை, மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக் குளுகோரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்தபடியே, அமெரிக்காவில் பதிவு பெற்ற ஓர் இயங்கலை உயர்நிலைப் பள்ளியில் படித்துச் சான்றிதழ் பெற்றேன். அன்றிலிருந்து கோயிலிலும் திருமண வீடுகளிலும் பெற்றோர்கள் என்னைத் தனியே அழைத்து விவரம் கேட்கிறார்கள். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் நோயாலோ, விளையாட்டுப் பயிற்சியாலோ, பள்ளியில் நேர்ந்த மனக்காயத்தாலோ வகுப்பறைக்குப் போக முடியாத நிலையில் இருக்கிறார்கள். நின்றபடி இரண்டு நிமிடங்களில் சொல்லிவிடக்கூடிய பதில்கள் அவர்களுக்குப் போதா என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் படித்த பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை. எனக்குப் பொருந்திய பள்ளி உங்கள் பிள்ளைக்கும் பொருந்தும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

வழக்கமான இடைநிலைப்பள்ளியை ஏன் விட்டீர்கள்?

எனக்குப் பதினான்கு வயதில் இளம்பருவ மூட்டுவாதம் வந்தது. இந்த நோயில் வலியைவிடக் காலை நேர இறுக்கம்தான் அன்றாட வாழ்க்கையை அதிகம் பாதிக்கிறது. எழுந்ததும் ஒன்றரை மணி நேரம் வரை என் விரல்களும் முழங்கால்களும் மடங்காது. பள்ளி மணி 7.30க்கு அடிக்கும், பள்ளி வேன் 6.30க்கே வாசலுக்கு வந்துவிடும். படிவம் மூன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டில், எப்படியோ சமாளித்தேன். படிவம் நான்கு தொடங்கிய 2023 மார்ச்சுக்குப் பிறகு வந்த நாள்களைவிட வராத நாள்கள் அதிகமாயின. என் ஆசிரியர்கள் குறிப்புகளை வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பத்து மணிக்கு மேல் நன்றாக இயங்கும் ஓர் உடம்பை ஏழரை மணிக்கு வகுப்பில் உட்கார வைக்க முடியவில்லை என்பதே காரணம்.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நடந்த இயங்கலை வகுப்புகளைப் போன்றதுதானே இது?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சேர்கிறவர்கள்தான் முதல் மாதத்திலேயே தடுமாறுகிறார்கள். 2020 மார்ச் 18க்குப் பிறகு நாம் கண்ட வகுப்புகளில் ஆசிரியர் திரையில் இருந்தார், கால அட்டவணை இருந்தது, வருகைப் பதிவு இருந்தது. தன்வேகப் பள்ளியில் இவை மூன்றும் இல்லை. பாடம் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டு, வாசிப்பும் காணொளியும் பயிற்சிகளும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். ஓர் அலகின் சோதனையில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றால்தான் அடுத்த அலகு திறக்கும். அதை நீங்கள் இரண்டு நாளில் திறக்கிறீர்களா, இரண்டு மாதத்தில் திறக்கிறீர்களா என்று எவரும் உடனே கேட்க மாட்டார்கள்.

இந்த முறை இணையத்தோடு பிறந்தது அன்று. அமெரிக்காவில் 1890களிலேயே பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்த பின் அஞ்சல் வழிப் பாடங்களைத் தங்கள் வசதிப்படி படித்துச் சுரங்கத் தேர்வுகளுக்குத் தயாரானார்கள். 1960களில் ஃப்ரெட் கெல்லர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஓர் அலகில் தேர்ந்த பிறகே அடுத்ததற்குப் போவது, மாணவர் தம் வேகத்தில் போவது என்ற விதிகளைக் கல்லூரிப் பாடங்களில் நடைமுறைப்படுத்தினார்கள். நான் படித்த பள்ளியின் ஒழுங்குமுறை ஏறத்தாழ அந்த விதிகளேதான்.

எத்தனை பாடங்கள் முடிக்க வேண்டும்?

அமெரிக்கப் பள்ளிகள் 'கிரெடிட்' என்ற அளவில் கணக்கிடுகின்றன. ஒரு பாடத்தை ஓராண்டு முழுதும் படித்தால் ஒரு கிரெடிட், அரையாண்டுக்கு அரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட கார்னெகி அலகின்படி, ஒரு கிரெடிட் என்பது 120 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். தேவைப்படும் மொத்தம் மாநிலத்துக்கு மாநிலம், பள்ளிக்குப் பள்ளி மாறும். என் பள்ளி 24 கேட்டது. படிவம் மூன்றின் மதிப்பெண் பட்டியலை மொழிபெயர்த்து அனுப்பியதால் அதற்கு ஆறு கிரெடிட் ஏற்றுக்கொண்டார்கள், பதினெட்டு எஞ்சியது. பழைய மதிப்பெண் பட்டியல்களை எறிந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்பா அவற்றை ஒரு கோப்பில் வைத்திருந்ததால் எனக்கு ஓராண்டு மிச்சமாயிற்று.

ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

எட்டு மணிக்கு எழுந்து, வெந்நீரில் கைகளை வைத்திருந்து, பத்து மணிக்குப் படிக்க உட்காருவேன். பகல் ஒரு மணி வரை கணிதமோ அறிவியலோ. மாலையில் வாசிப்பும் கட்டுரையும். வாரம் ஒரு முறை மாத்திரை உட்கொள்ளும் நாளுக்கு மறுநாள் குமட்டல் இருக்கும் என்பதால் அன்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. அந்த ஒரு நாளைக் குற்ற உணர்வு இல்லாமல் விட முடிந்தது என்பதற்காகவே இந்தப் பள்ளிக்கு நான் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.

அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். இரவு ஷிப்ட் முடித்து அவர் பகலில் உறங்கும் வாரங்களில், வாய்விட்டுப் பேசிப் பதிவு செய்ய வேண்டிய இடுபணிகளை என்னால் வீட்டில் செய்ய முடியாது. அப்போது கிரீன்லேனில் உள்ள பினாங்கு டிஜிட்டல் நூலகத்துக்கு அம்மா கொண்டுபோய் விடுவார். நம் வீடுகள் சிறியவை. ஒரு பிள்ளை நாள் முழுவதும் வீட்டிலிருந்து படிப்பது வீட்டிலுள்ள எல்லோருடைய நேரத்தையும் மாற்றிவிடும் என்பதைச் சேருமுன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. "வீட்டில்தானே இருக்கிறாய், கொஞ்சம் அடுப்பைப் பார்த்துக்கொள்" என்ற ஒரு வரிதான் என் முதல் மாதத்துக் காலை நேரங்களை அதிகம் தின்றது. அதன் பிறகு என் மேசையில் ஒரு சிறிய விளக்கு வைத்தோம். அது எரிந்தால் நான் பள்ளியில் இருக்கிறேன் என்று பொருள்.

நம் வேகத்தில் படிப்பதென்றால் சீக்கிரம் முடித்துவிடலாம் அல்லவா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் அப்படி எண்ணித்தான் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகளில் பதினெட்டையும் முடித்துவிடுவதாக அப்பாவிடம் சொன்னேன். 2024 பிப்ரவரியில், அதாவது ஏழாம் மாத முடிவில், நான் முடித்திருந்தது இரண்டரை கிரெடிட். என் திட்டப்படி அப்போது ஐந்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

எப்படி நடந்தது என்று விரிவாகவே சொல்கிறேன். நான் சோம்பியிருக்கவில்லை, நாள்தோறும் படித்தேன். ஆனால் பிடித்ததைப் படித்தேன். ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஒரு கட்டுரைக்கு ஐந்து கட்டுரை அளவு வாசித்தேன். வடிவியலில் நிறுவல்கள் வரும் அலகு வந்ததும், "நாளைக்குப் பார்ப்போம்" என்று மூடினேன். வகுப்பறையில் அப்படி மூட முடியாது; ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார், அரைகுறையாகப் புரிந்தாலும் நாமும் அவர் பின்னால் போவோம். இங்கே பாடம் எனக்காகக் காத்திருந்தது. நவம்பரில் மூடிய அந்த அலகு தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் கடந்து பிப்ரவரி வரை அதே பக்கத்தில் நின்றது. திரையில் மொத்த முன்னேற்றத்தைக் காட்டும் பட்டை மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்ததால் நான் முன்னேறுவதாகவே நம்பினேன். பாடத்தின் கெடு முடிந்து, நீட்டிப்புக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வந்த அன்றுதான் உண்மை தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் கட்டணத்தைச் செலுத்தினார்.

கெல்லரின் முறையைப் பின்பற்றிய கல்லூரிகளிலும் தள்ளிப்போடுதல்தான் மீண்டும் மீண்டும் தலைதூக்கிய சிக்கல் என்று பின்னால் படித்தேன். தள்ளிப்போடுவது என் குணக்கேடு மட்டுமன்று, இந்த முறையோடு சேர்ந்தே வரும் இடர் என்று தெரிந்தபோது, அதற்கு ஒரு வழி தேட வேண்டும் என்ற தெளிவு வந்தது.

பிறகு எப்படிச் சரிசெய்தீர்கள்?

முதலில் கணக்குப் போட்டேன். பதினெட்டு கிரெடிட்டுக்கு 120 மணி நேரம் வீதம் 2,160 மணி நேரம். அதை 2023 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரையிலான 27 மாதங்களுக்கு வகுத்தால் மாதத்துக்கு 80, வாரத்துக்குப் பதினெட்டரை மணி நேரம் வரும். மருத்துவமனை நாள்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இருபத்திரண்டு. சேர்ந்த அன்றே இதை எவராவது என் முன்னால் போட்டுக் காட்டியிருக்கலாம். "உங்கள் வேகத்தில்" என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்து, என்னைக் கேட்பதற்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டேன். அது என் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, வடிவியலும் தெரியாது. சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், நான் அன்று முடித்ததாகச் சொல்லும் பாடத்தின் பெயரைக் கேட்டு அந்தக் கட்டத்தில் எழுதி வைப்பார். மூன்று நாள் தொடர்ந்து கணிதத்தின் பெயர் வராவிட்டால், "கணக்கு எங்கம்மா போச்சு?" என்று கேட்பார். கண்டிக்கவே மாட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற ஒன்றே என்னைக் காலை பத்து மணிக்கு வடிவியலைத் திறக்க வைத்தது. பள்ளி தரும் நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எத்தனை வந்தாலும் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. உங்கள் பிள்ளையைச் சேர்க்க நினைத்தால், மடிக்கணினி வாங்குவதற்கு முன்பே, நாள்தோறும் கேட்கப் போவது யார் என்று முடிவு செய்யுங்கள். கேட்பவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தவறாமல் கேட்பவராக இருக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நிறுவல் அலகை முடிக்க எனக்குப் பதினொரு வாரங்கள் ஆயின. வகுப்பறையில் அதற்கு மூன்று வாரம்தான் கிடைத்திருக்கும், அரைகுறையாகவே தாண்டியிருப்பேன். பதினொன்றாம் வாரத்தில் ஒரு நிறுவலை எவர் உதவியும் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதிய பிற்பகலை நான் மறக்கவில்லை.

ஆசிரியரே கிடையாதா? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

ஆசிரியர்கள் உண்டு. கட்டுரைகளைத் திருத்தி, விரிவான கருத்து எழுதி, இரண்டு வேலை நாள்களில் அனுப்புவார்கள். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்று மணி நேரமும் இடைவெளி இருக்கிறது. நமக்குத் திங்கள் காலை என்றால் அங்கே ஞாயிறு இரவு. வெள்ளி இரவு நான் கேட்ட சந்தேகத்துக்குச் சில வேளைகளில் செவ்வாய்க்கிழமைதான் பதில் வரும். ஆகவே ஒரே பாடத்தை மட்டும் திறந்து வைத்திருக்காதீர்கள். ஒன்றில் பதிலுக்குக் காத்திருக்கும்போது இன்னொன்றில் நகர வேண்டும். சந்தேகத்தை ஒரே மின்னஞ்சலில் முழுமையாக எழுதும் பழக்கமும் வேண்டும். "புரியவில்லை" என்று எழுதினால் "எது புரியவில்லை?" என்ற பதிலிலேயே நான்கு நாள் போய்விடும்.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வை யார் நம்புவார்கள்?

இறுதித் தேர்வுகளை, பள்ளி முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட கண்காணிப்பாளர் ஒருவர் முன்னிலையில் எழுத வேண்டும். உறவினராக இருக்கக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் அன்போடு ஒப்புக்கொண்டார்; ஒவ்வொரு தேர்வுக்கும் தம் வீட்டு வரவேற்பறையை ஒழுங்குபடுத்தி வைத்திருப்பார்.

அலகுக் கட்டுரைகளில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. நான் எழுதிய கட்டுரை ஒன்றை, பிரதியெடுத்ததாக ஒரு மென்பொருள் ஐயப்பட்டது. என்னை நேரில் பார்த்திராத ஓர் ஆசிரியருக்கு அது என் எழுத்துதான் என்று நிரூபிக்க மூன்று வாரங்கள் ஆயின. வகுப்பறையில் நம்மைத் தெரிந்த ஆசிரியர் நமக்குச் சாட்சியாக இருக்கிறார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கட்டுரையின் முதல் வரைவையும் குறிப்புகளையும் தேதியோடு சேமித்து வைத்தேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

அறிவியல் சோதனைகளை எப்படிச் செய்தீர்கள்?

பெரும்பாலும் திரையில் இயங்கும் மாதிரிச் சோதனைகள், சில சமையலறையில். அமிலம், காரம் பற்றிய பாடத்துக்குச் சிவப்பு முட்டைக்கோசைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பினாங்கில் ஞோஞ்ஞா பலகாரங்களுக்கு நிறமேற்றும் சங்குப்பூ எளிதாகக் கிடைப்பதால் அதைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தினேன். எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் ஊதாவாக மாறும். சோடா மாவு கரைசலைக் கூட்டிக்கொண்டே போனால் பச்சைச் சாயல் ஏறும். ஆசிரியர் அந்தப் படங்களைப் பார்த்துப் பூவின் பெயரைக் கேட்டு எழுதினார். ஆனால் முறையான ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் கைப்பழக்கம் இதில் வராது. மருத்துவம், பொறியியல் என்று எண்ணும் மாணவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எஸ்.பி.எம். எழுத வேண்டாமா?

எஸ்.பி.எம். என்பது படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் மலேசிய அரசாங்கத் தேர்வு. எழுதுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசாங்க வேலைக்கும் போகும் பாதை நம் நாட்டில் எஸ்.பி.எம். வழியாகத்தான் தொடங்குகிறது. பதினாறு வயதில் ஒரு பிள்ளையின் அந்தக் கதவை நாமே அடைப்பது சரியன்று. தனியார் தேர்வராக மாநிலக் கல்வி இலாகா வழியாகப் பதிவு செய்யலாம். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. வரலாற்றுக்கான இந்த விதி 2013 முதல் நடப்பில் உள்ளது. அமெரிக்கப் பள்ளியில் இவ்விரண்டையும் படிக்கவே வழியில்லை என்பதால், இவற்றுக்கெனத் தனியாக நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

நான் கட்டாயப் பாடங்களான மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, நன்னெறிக் கல்வி ஆறோடு தமிழ்மொழியையும் எடுத்து, 2025 ஜனவரியில் தொடங்கிய எஸ்.பி.எம். 2024 தேர்வை எழுதினேன். மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் வாரம் இருமுறை டியூஷன் போனேன். எவரும் எச்சரிக்காத சிக்கல் ஒன்று இருந்தது: ஒன்றரை ஆண்டு முழுக்கத் தட்டச்சு செய்தே பழகிய கைக்கு, இரண்டு மணி நேரம் தொடர்ந்து பேனாவால் எழுதும் பலம் போயிருந்தது. மூட்டுவாதம் இல்லாத பிள்ளைகளுக்கும் இது நேரலாம். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் இரண்டு பக்கம் கையால் எழுதப் பழகுங்கள். தமிழ்க் கட்டுரைகளை நான் அதற்கே பயன்படுத்திக்கொண்டேன்.

அமெரிக்கச் சான்றிதழை இங்கே ஏற்பார்களா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. முதலில் பள்ளி உண்மையானதா என்று பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறை பள்ளிகளுக்கு நேரடியாக அங்கீகாரம் வழங்குவதில்லை; காக்னியா போன்ற தனி அமைப்புகள்தாம் வழங்குகின்றன. பள்ளியின் விளம்பரத்தில் உள்ள முத்திரையை நம்பாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் சொந்தப் பட்டியலில் பள்ளியின் பெயரைத் தேடுங்கள். சில வாரங்களிலேயே சான்றிதழ் தருவதாகச் சொல்லும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அடுத்து, பிள்ளை சேர விரும்பும் உயர்கல்விக் கூடத்திடம் எழுத்துவழியாகக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நான் தொலைபேசியில் கேட்ட ஒரு கல்லூரி "ஏற்போம்" என்றது; விண்ணப்பித்தபோது மறுத்தது. கையில் எஸ்.பி.எம். முடிவு இருந்ததால் வேறொரு கல்லூரியில், பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தளக் கல்விக்குச் சேர்ந்தேன்.

செலவு?

பள்ளிக்குப் பள்ளி பெரிதும் மாறும். டாலரில் மாதத் தவணை கட்டினால் நாணய மாற்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது, அதே ஆண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 4.12க்கு இறங்கியது. கண்காணிப்பாளருக்கான அன்பளிப்பு, டியூஷன், நீட்டிப்புக் கட்டணம் ஆகியவை விளம்பரத்தில் இரா.

தனிமையாக இல்லையா?

இருந்தது. முதல் ஆண்டில் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டு, சீருடையில் பிள்ளைகள் எங்கள் கட்டடத்துக்குள் வரும் சத்தம் கேட்டால் சன்னலை மூடிவிடுவேன். பள்ளியில் இணையவழி மன்றங்கள் இருந்தன. ஆனால் அவர்கள் பேசும் நேரம் எனக்கு அதிகாலை. இதற்குப் பாடத்திட்டத்துக்குள் தீர்வு இல்லை. வெள்ளிக்கிழமை தேவார வகுப்பும், டியூஷனில் கிடைத்த இரண்டு தோழிகளும்தான் எனக்குத் துணையாக இருந்தார்கள். எஸ்.பி.எம். முடிந்த சில நாள்களில் வந்த தைப்பூசத்துக்கு அந்தத் தோழிகளோடு தண்ணீர்மலை அடிவாரம் வரை நடந்து போய்த் தண்ணீர்ப் பந்தலில் உதவினேன். ஏற்கெனவே பேச்சைக் குறைத்துக்கொண்டு அறைக்குள் ஒதுங்கும் பிள்ளையை, வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே மனிதர்களோடு இருக்கும் ஏற்பாடு இல்லாமல் இதில் சேர்க்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகன் படிவம் மூன்றில் இருக்கிறான். இப்போதே பள்ளியை நிறுத்திவிட்டுச் சேர்க்கலாமா?

நிறுத்தாதீர்கள். பல இயங்கலைப் பள்ளிகள் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் படிக்கவும் இடம் தருகின்றன. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அரை கிரெடிட் பாடம் ஒன்றை எடுக்கச் செய்யுங்கள். அதற்கு 60 மணி நேரம் தேவைப்படும். அவருக்கு மிகப் பிடித்த பாடமாக இல்லாமல், பிடிக்காத பாடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விடுமுறை முடியும்போது எத்தனையாவது அலகில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, பிறகு பேசுவோம்.